ஆபீஸ் நேரத்தில் பூக்கும் அல்லி

“நவம்பர் 3, திங்கட்கிழமை. தொட்டி சம்பந்தமாக: பூ பூத்ததாக வாயாலும் போட்டோவாலும் சொல்லப்படுகிறது. நேரில் பார்க்கப்படவில்லை. போகிக்குள் நான் என் கண்ணால் ஒரு பூவாவது பார்க்க வேண்டும். இல்லையென்றால் போகி அன்று தொட்டி மூடப்படும். அந்த இடத்தில் கார் நிற்கும்.”

இது என் மனைவி எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிய குறிப்பு. கீழே கையெழுத்து, கையெழுத்துக்குக் கீழே மறுபடியும் தேதி. குறை சொல்ல எனக்கு எதுவும் அகப்படவில்லை. தேதி போடாத காகிதம் காகிதமே இல்லை என்று கல்யாணமான புதிதில் இருந்தே அவளுக்குச் சொல்லி வந்தவன் நான்தான். தோல் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் என்று வாழ்நாள் முழுக்கத் தேதி போட்டு ஓய்வு பெற்றவன். அவள் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் சூப்பர்வைசர். கடைசியில் அவள் பார்த்துத் தலையாட்டினால்தான் ஷூ பெட்டிக்குள் போகும். இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். ஆகவே பகலில் மாதனூர் வீட்டில் நான் மட்டும் இருப்பேன். நானும் தொட்டியும்.

தொட்டி கேட்டுக்கு உள்ளே இடப்பக்கம் இருக்கிறது. வீடு கட்டும்போது சுவர் நனைக்கத் தண்ணீர் பிடித்துவைக்கக் கட்டியது. வேலை முடிந்ததும் இடித்துவிடுவதாகச் சொன்ன மேஸ்திரி கணக்கு முடிந்ததும் வரவில்லை. தொட்டி சரியாக ஒரு கார் நிற்கும் அளவு. எல்லாப் பிரச்சினைக்கும் காரணம் இந்த அளவுதான். சென்னையில் இருக்கும் எங்கள் பையன் போன பொங்கலுக்குப் புதுக் காரோடு வந்தான். நிறுத்த இடமில்லாமல் தெருவில் நிறுத்தினான். பதனிடாத பச்சைத் தோல் ஏற்றிவந்த லாரி ஒன்று காரின் பக்கக் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு போய்விட்டது. அன்றைக்கே என் மனைவி தொட்டியைப் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. ஷூவில் தையல் பிசகைக் கண்டுபிடித்த பார்வை.

நான் முந்திக்கொண்டேன். கேரளத்தில் ஒரு நர்சரியில் நீல அல்லிக்கு ஆர்டர் போட்டேன். ஜூலை 9, புதன்கிழமை கூரியர் வந்தது. மலையாளச் செய்தித்தாளை நனைத்துச் சுற்றி, அதற்கு மேல் பிளாஸ்டிக் சுற்றி, உள்ளே விரல் நீளத்தில் கறுப்பாக ஒரு கிழங்கு. சாயங்காலம் வந்த மனைவி அதைத் தூக்கிப் பார்த்தாள்.

“இன்னாங்க இது, இஞ்சியா?”

“நீல அல்லி.”

“எங்க நீலம்?”

“வரும்.”

“இஞ்சியா இருந்தா டீயிலயாவது போட்டிருக்கலாம்” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள்.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. பக்கெட்டில் ஒரு நாள் வைத்தால் ஓரத்தில் வெள்ளைக் கோடு கட்டும். தோல் பதனிடும் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இதில் ஆச்சரியமில்லை. அதனால் மொட்டைமாடி மழைநீரைக் குழாய் போட்டுத் தொட்டிக்கு இறக்கினேன். பழைய பிளாஸ்டிக் அன்னக்கூடையில் வயல் களிமண் போட்டு, கிழங்கை நட்டு, மேலே கூழாங்கல் பரப்பி, தண்ணீருக்குள் இறக்கினேன். கொசு வராமல் இருக்க கப்பி மீன் விட்டேன். ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் தட்டு அளவில் இலைகள் மிதந்தன. கூடவே பாசியும் வந்தது. நூல் நூலாக, கையில் எடுத்தால் ஈரத் தலைமுடி மாதிரி.

பக்கத்து வீட்டு பாய் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தது அப்போதுதான். பாய் நாற்பது வருஷம் பச்சைத் தோல் வியாபாரம் செய்தவர். இப்போது கடையை மகன் பார்க்கிறார். பாய்க்குப் பொழுது போகவில்லை. என் பொழுதையும் சேர்த்துப் போக்கித் தருவார்.

“இன்னா சார், தொட்டில முடி வளக்கறீங்க?”

“பாசி பாய். எடுக்க எடுக்க வருது. ரொம்ப பேஜாரா இருக்கு.”

“கையால எடுத்தா வராம இன்னா பண்ணும்? சுண்ணாம்பு போடுங்க சார். எங்க தோல் ஷாப்புல எருமைத் தோலையே சுண்ணாம்புக் குழியில போட்டு வெச்சா முடி தானா கழண்டு வந்துடும். இது இன்னா, எருமைய விட ஜாஸ்தியா?”

சிரிக்க வேண்டிய இடம். நான் சிரிக்கவில்லை. தோல் ஊரில் வேலை பார்த்தவனுக்கு அது நூறு சதவீதம் நியாயமாகப் பட்டது. தோலில் முடி இருக்கிறது, சுண்ணாம்பு போட்டால் போகிறது. தண்ணீரில் முடி இருக்கிறது, சுண்ணாம்பு போட்டால் போகும். உலகத்தில் வேறு எந்த ஊரில் இந்த யோசனையைச் சொன்னாலும் ஒருவராவது தடுத்திருப்பார். எங்கள் தெருவில் கேட்ட அத்தனை பேரும் “எவ்ளோ போட்டீங்க, கம்மியா போட்டுடாதீங்க” என்றுதான் கேட்டார்கள். கிழங்குச் செடிகளைப் பற்றி நான் படித்திருந்த புத்தகங்கள் அலமாரியில் இருந்தன. அவற்றை எடுத்துப் பார்த்திருக்கலாம். ஆனால் பாய் சொன்ன உவமை அவ்வளவு நன்றாக இருந்தது. சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றிவிட்டேன்.

பாசி போனது. இலைகளும் போயின. ஓரம் மஞ்சளாகி, பிறகு கண்ணாடித்தாள் மாதிரி ஆகி, ஒவ்வொன்றாகக் கரைந்தன. மீன்களை மட்டும் முன்கூட்டியே பக்கெட்டுக்கு மாற்றியிருந்தேன். பாய் வந்து பார்த்தார்.

“சுண்ணாம்பு நல்லா வேலை செஞ்சிருக்கு” என்றார் திருப்தியோடு.

“செடி போய்டுச்சே பாய்.”

“தோலு நிக்கும் சார். செடி நிக்காதுபோல. இப்பத் தெரிஞ்சுபோச்சில்ல?”

தண்ணீரை முழுதாக மாற்றினேன். கிழங்கு சாகவில்லை. செப்டம்பரில் திரும்ப இலை விட்டது. அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை காலை, நான் இரண்டாவது காபியோடு வெளியே வந்தபோது, தண்ணீருக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நிமிர்ந்து நின்றபடி பூ விரிந்துகொண்டிருந்தது. நீலம் என்றால், பள்ளிக்கூட மை நீலம் இல்லை. கேஸ் அடுப்பு ஜுவாலையின் அடிப்பகுதி நீலம். நடுவில் மஞ்சள். கிட்டே போனால் வாசனைகூட இருந்தது. காபி ஆறிப்போனது.

அங்கிருந்துதான் என் கஷ்டம் தொடங்கியது.

என் மனைவியின் கம்பெனி பஸ் காலை ஏழரைக்கு மாதனூர் நிறுத்தத்துக்கு வரும். சாயங்காலம் அதே பஸ் அவளை இறக்கிவிடும்போது ஆறரை. இந்த அல்லி ஒன்பது மணிக்கு மேல் வெயில் பட்டதும் திறக்கும். மூன்று மணிக்கெல்லாம் மூடத் தொடங்கிவிடும். இப்படி மூன்று நாலு நாள் திறந்து மூடிவிட்டு, தலையைத் தொங்கப் போட்டுத் தண்ணீருக்குள் போய்விடும். அதாவது என் மனைவி வீட்டில் இல்லாத நேரம் எதுவோ, அதுதான் அது பூக்கும் நேரம்.

அன்று சாயங்காலம் அவளை நேராகத் தொட்டிக்கு அழைத்துப் போனேன். கூம்பிப் போன பச்சை மொட்டு ஒன்று நின்றது.

“பூத்துச்சு” என்றேன்.

“எங்க?”

“இப்ப மூடிடுச்சு. காலைல பூத்துச்சு.”

“ஏங்க, அல்லி ராத்திரியில தான பூக்கும்? நெலாவப் பாத்துப் பூக்கும்னு நீங்கதான பொண்ணு பாக்க வந்தப்ப எங்கப்பா கிட்ட அரை மணி நேரம் பேசினீங்க?”

பேசியது உண்மை. நான் விளக்கினேன். நம் ஏரிகளில் இருக்கிற வெள்ளை அல்லியும் சிவப்பு அல்லியும் இரவில் பூப்பவை, பழைய பாட்டுகளில் நிலவோடு வருவது அதுதான். நீல ஆம்பல் வேறு இனம், அது பகலில் பூக்கும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது என்றேன்.

“அப்ப உங்க அல்லி மட்டும் ஆபீஸ் டைம்ல பூக்கும்.”

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பாய் குரல் கொடுத்தார். “கவர்மெண்ட் பூ மேடம் அது. பத்து மணிக்குத் தொறந்து மூணு மணிக்கு மூடிடும். நடுவுல போனா சாப்பாட்டு டைம்னு சொல்லும்.”

போனில் எடுத்த படங்களைக் காட்டினேன். அவள் பார்க்கவே இல்லை. கையால் தள்ளினாள்.

“போட்டோவுல பாத்து நான் பாஸ் பண்ண மாட்டேன். வெளிநாட்டுக்காரனே போட்டோ அனுப்பிச்சா நான் ஒத்துக்கறதில்ல. பீஸ் கைக்கு வரணும். போட்டோவுல எல்லா ஷூவும் நல்லாத்தான் இருக்கும்.”

இது விளையாட்டுக்குச் சொன்னதில்லை. இருபது வருஷத்துக்கு மேலாக அவள் வேலை செய்கிற முறை அது. படத்தைப் பார்த்து ஒருமுறை தலையாட்டிவிட்டு அப்புறம் அனுப்பிய சரக்கு முழுவதும் திரும்பி வந்து தவித்தவர்களை அவள் பார்த்திருக்கிறாள். புடவைக் கடையில்கூட அவள் விளம்பரப் படத்தைப் பார்க்க மாட்டாள், முந்தானையைத் திருப்பித்தான் பார்ப்பாள்.

தீபாவளிக்கு அவள் வீட்டில் இருந்தாள். பூ தண்ணீருக்கு அடியில் இருந்தது. அடுத்தது அக்டோபர் 29, புதன்கிழமை திறந்தது. சனிக்கிழமை வரை தினமும் கடமை தவறாமல் திறந்து மூடியது. ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் இருக்கும் காலையில், வார விடுமுறை எடுத்துக்கொண்டதுபோல உள்ளே போய்விட்டது. தண்ணீருக்குள் கையை விட்டு, மூழ்கியதை மேலே தூக்கிக் காட்டினேன். கத்திரிக்காய் மாதிரி இருந்தது. மறுநாள் காலை பஸ்ஸுக்குப் போகுமுன் அவள் ஒட்டியதுதான் நான் முதலில் எடுத்துக் கொடுத்த குறிப்பு.

“ஒரு நாள் லீவு போடேன்” என்று கேட்டேன்.

“ஷிப்மென்ட் போய்க்கினு இருக்கு. இன்னான்னு எழுதறது லீவ் லெட்டர்ல? வீட்ல பூ பூத்திருக்குன்னா? பொண்ணு பெரியவளாயிட்டான்னு நெனச்சுத் தட்டு எடுத்துக்கினு வந்துடுவாங்க.”

“அப்ப ஏரியில இருந்து ராத்திரி பூக்கிற செவப்பு அல்லிய கொண்டாந்து வெக்கறேன். நீ வர்ற நேரத்துக்குத் தொறந்திருக்கும்.”

“ஆர்டர் நீலம். செவப்ப அனுப்பிச்சா ரிஜெக்ட்.”

ஆர்டரில் இருப்பதற்கு மாற்றாக ஒன்றை அனுப்பிய கம்பெனிகளுக்கு என்ன ஆகும் என்று எனக்கே தெரியும். அந்தக் கடிதங்களுக்குப் பதில் தட்டச்சு செய்ததும் நான்தான்.

பஸ் அவளைப் பூவிடம் கொண்டுவராது என்றால், பூவை அவளிடம் அனுப்ப வேண்டும். நவம்பர் 25, செவ்வாய்க்கிழமை அதற்கான நாள் வந்தது. மழைக்கு நடுவே அன்று நல்ல வெயில். புதுப் பூ, முதல் நாள், முழுதாக விரிந்திருந்தது. வெட்டிய அல்லி மூடிக்கொள்ளாமல் இருக்க இதழ்களின் அடியில் உருக்கிய மெழுகைச் சொட்ட வேண்டும் என்று படித்திருந்தேன். மெழுகுவர்த்தி ஏற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சொட்டினேன். பாய் மத்தியானம் ஸ்கூட்டரில் ஆம்பூர் போகிறவர். வழியில் கம்பெனி கேட்டில் கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

இனி பேக்கிங். எங்கள் வீட்டில் பெட்டி என்றால் ஷூ பெட்டிதான். கடிதங்கள், மருந்து மாத்திரை, கொலு பொம்மை எல்லாம் அதில்தான் இருக்கும். நல்ல பெட்டியாக ஒன்றை எடுத்தேன். டிஷ்யூ பேப்பரை மெத்தையாக மடித்தேன். பூவைப் படுக்க வைத்தேன். அப்போது என் கை தானாக ஒரு காரியம் செய்தது. பெட்டியின் மூலையில் கிடந்த சிறு வெள்ளைப் பொட்டலத்தை எடுத்துப் பார்த்தது. ஈரத்தை உறிஞ்சுவதற்காக ஷூவோடு போடுகிற சிலிக்கா ஜெல். ஒன்று போதாது, மழைக்காலம் என்று தோன்றியது. பக்கத்துப் பெட்டிகளில் இருந்து இன்னும் நாலைந்து எடுத்துப் போட்டேன்.

படிக்கிறவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக் கேட்கலாம். தண்ணீரிலேயே பிறந்து தண்ணீரிலேயே இருக்கிற பூ. அதை ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு மூடி வைக்க எந்த மனிதனுக்குத் தோன்றும்? பூஞ்சைப் புகார்க் கடிதங்களுக்கு வாழ்நாள் முழுக்கப் பதில் எழுதியவனுக்குத் தோன்றும். கப்பலில் ஈரம் புகுந்து பூஞ்சை பிடித்தது என்று வெளிநாட்டில் இருந்து கடிதம் வந்தால் முதலில் கேட்கப்படும் கேள்வி, பொட்டலம் போட்டீர்களா என்பதுதான். நான் போட்டேன். பெட்டிமேல் ஒரு பேக்கிங் லிஸ்ட்டும் ஒட்டினேன். பொருள்: அல்லி. நிறம்: நீலம். எண்ணிக்கை: ஒன்று. தேதி.

சாயங்காலம் அவள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது பெட்டி அவள் கையிடுக்கில் இருந்தது. பஸ்ஸின் ஜன்னல்களில் அவளோடு வேலை செய்கிற பெண்கள் எல்லாரும் என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார்கள். ஒருத்தி கைகூட ஆட்டினாள். அவள் விறுவிறுவென்று வீட்டுக்குள் வந்தாள். பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

“பாய் கேட்ல குடுத்தாரு. செக்யூரிட்டி எந்த கம்பெனி சாம்பிள்னு கேட்டிருக்காரு. இவரு, சார் கம்பெனின்னு சொல்லிட்டுப் போய்ட்டாரு. சாம்பிள்னா நேரா மெட்டல் டிடெக்டர். ஊசி ஒடைஞ்சு உள்ள இருக்குதான்னு பாக்க மிஷின்ல போட்டு எடுத்தாங்க.”

“அப்புறம்?”

“பாஸ். உங்க பூவுல ஊசி இல்ல.”

“அப்புறம்?”

“மூணு மணி வரைக்கும் ஸ்டோர்ல கெடந்துச்சு. அப்புறம் என் டேபிளுக்கு வந்துச்சு. லைன்ல எல்லா பொண்ணுங்களும் சுத்தி நின்னுச்சுங்க. மேடம் வீட்டுக்காரர் இன்னாவோ அனுப்பியிருக்காரு, கல்யாண நாளான்னு ஒருத்தி கேட்டா. தொறந்தேன்.”

மூடியைத் திறந்தாள். வெங்காயச் சருகு போல ஒன்று டிஷ்யூவில் ஒட்டிக்கிடந்தது. மெழுகு மட்டும் அப்படியே இருந்தது. சருகின்மேல் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்று. தோலில் பழுது இருக்கும் இடத்தைக் காட்ட இன்ஸ்பெக்ஷனில் ஒட்டுவார்களே, அது.

“பூவுக்கு சிலிக்கா ஜெல் போட்ட ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்” என்று சொன்னவள், சொல்லி முடிப்பதற்குள் சிரிக்கத் தொடங்கி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் சிரித்தாள். எனக்கு நம்பிக்கை வந்தது. “அப்ப பாஸா?” என்றேன்.

“ரிஜெக்ட்” என்றாள். “போகி பதினாலாம் தேதி.”

டிசம்பர் எனக்குச் சாதகமாக இல்லை. மழை, மேகம். ஞாயிறுகளில் ஷிப்மென்ட் வேலை, இல்லாவிட்டால் மூடிய மொட்டு. அந்த மாதம் இரண்டு பூக்கள்தான் வந்தன. இரண்டும் முதல் நாள் திறந்தபோது, என் துரதிர்ஷ்டம், நானே வீட்டில் இல்லை. டிசம்பர் 11, வியாழக்கிழமை வேலூருக்குக் கண் டாக்டரிடம் போயிருந்தேன். டிசம்பர் 22, திங்கட்கிழமை, கால் எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருந்த என் பெரியப்பா மகனைப் பார்க்க நெமிலி போயிருந்தேன். இரண்டு நாளும் இருட்டிய பிறகு திரும்பி, திறந்து மூடிய மொட்டைத்தான் பார்த்தேன். மறுநாள் பார்த்தபோது நிறம் கொஞ்சம் வெளுத்திருந்தது. இந்தப் பூ முதல் நாள்தான் நல்ல கருநீலம், பிறகு நாளுக்கு நாள் வெளுக்கும். இதை இங்கே குறித்து வைக்கிறேன். பின்னால் வேண்டும்.

ஜனவரி 14, புதன்கிழமை, போகி. அவளுக்கு லீவு. ஒரு மொட்டு இரண்டு நாளாகத் தலையை நீட்டிக்கொண்டு நின்றது, அன்று திறக்க வேண்டிய மொட்டு. பதினோரு மணிக்கு டிராக்டரில் மண் வரும் என்று அவள் போன வாரமே சொல்லியிருந்தாள்.

விடிந்து பார்த்தால் தெருவே தெரியவில்லை. மார்கழி கடைசிப் பனி, அதன்மேல் போகிப் புகை. பாய், தன் பண்டிகை இல்லாவிட்டாலும் தெருவோடு சேர்ந்து பழைய கோரைப்பாய் ஒன்றைத் தீயில் போட்டுவிட்டு, சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒன்பது ஆனது. பூ அசையவில்லை. பத்து ஆனது. வீட்டுக்குள் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றி வந்து, இல்லாத வெயிலைப் பிடித்து மொட்டின்மேல் விழ வைக்கப் பார்த்தேன்.

“சார், சூரியனுக்கே முகம் காட்டறீங்களா?” என்றார் பாய். “எமர்ஜென்சி லைட் இருக்கு, தரட்டா?”

“குடுங்க.”

“சும்மா சொன்னேன் சார். அதுவும் சார்ஜ் இல்ல.”

என் மனைவி கைகளைக் கட்டிக்கொண்டு படியில் நின்றாள். குளித்து, தலையில் துண்டு. டியூட்டிக்குப் போட்டுக்கொள்ளும் மூக்குக்கண்ணாடியையும் போட்டிருந்தாள்.

“பதினொண்ணு ஆகப் போவுதுங்க.”

“பனி ஜாஸ்தி. வெயில் வந்ததும் தொறக்கும்.”

“வெயில் வரலேன்னு கஸ்டமர் கிட்ட சொல்ல முடியுமா?”

நான் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். ஆறு மாதம். ஒரு இஞ்சித் துண்டில் இருந்து வளர்த்தது. இந்த இடத்தில் மண்ணைக் கொட்டி, அதன்மேல் பொங்கலுக்கு ஒருமுறை வருகிற கார் நிற்கும், மீதி நாளெல்லாம் காலியாகக் கிடக்கும் என்று நினைத்தபோது, கேலியெல்லாம் எங்கோ போய்விட்டது. மீன்களை எதில் மாற்றுவது என்று யோசிக்கத் தொடங்கினேன்.

பதினொன்றுக்குச் சற்று மேல் புகை கலைந்தது. ரயில் பாதைப் பக்கமிருந்து வெயில் சுவரேறி வந்து தொட்டியில் விழுந்தது. வெளிப்பக்கப் பச்சை மடல் ஒன்று விலகியது. பிறகு இன்னொன்று. பாய் எழுந்து நின்றுவிட்டார். கால் மணி நேரத்தில் நீலம் முழுதாக வெளியே வந்தது.

என் மனைவி படியிறங்கி வந்தாள். “ஆஹா” என்றோ “அழகு” என்றோ சொல்வாள் என்று எதிர்பார்த்தவன் முட்டாள். அவள் தொட்டியைச் சுற்றி நடந்தாள். குனிந்து இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். இதழ் ஒன்றைச் சுட்டுவிரலால் மெதுவாக மடக்கி, தோலின் மேல்வரிகளைப் பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் பார்த்தாள்.

“இந்த எதழ்ல ஒரு கோடு இருக்கு.”

“அது நத்தை.”

“ரெண்டு பக்கமும் சைஸ் ஒண்ணா இருக்கு. பரவால்ல.” இன்னும் கொஞ்சம் குனிந்தாள். “ஆனா ஷேடு கம்மி. போன மாசம் பாத்தது இத விட டார்க்கா இருந்துச்சு.”

பாய் திடீரென்று அடுப்பில் பால் வைத்தது நினைவுக்கு வந்தவர்போல் உள்ளே போனார். அவர் வீட்டில் பால் வைப்பது அவர் இல்லை.

“போன மாசம் பாத்தியா?” என்றேன். “எப்ப?”

“வெல்லம் தட்டணும். நாளைக்குப் பொங்கல், நீங்க இங்கயே உக்காந்துக்கினு இருப்பீங்களா?” என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

டிராக்டர் வரவில்லை. பன்னிரண்டு மணிக்கு நானே டிராக்டர்காரருக்குப் போன் செய்தேன்.

“லோடா சார்? அது வேணாம்னு மேடம் எப்பவோ சொல்லிட்டாங்களே.”

“எப்பவோன்னா எப்ப?”

“எப்பவோதான் சார்.”

சாயங்காலம் பையன் வந்தான். கார் நேராகப் பாயின் பழைய தோல் கொட்டகைக்குள் போய் நின்றது. கொட்டகை பெருக்கி, தண்ணீர் தெளித்து, தயாராக இருந்தது.

“மேடம் கேட்டாங்க, குடுத்தேன்” என்றார் பாய்.

“எப்ப கேட்டாங்க?”

“சார், நான் இன்னா ஷிப்பிங் பில்லா வெச்சிருக்கேன்? கேட்டாங்க. குடுத்தேன். அவ்ளோதான்.”

“பகல்ல அவங்க வீட்டுக்கு வந்தத நீங்க பாத்தீங்களா இல்லியா?”

“அல்லா சாட்சியா, நான் வாட்ச்மேன் இல்ல சார்.” கேட்ட கேள்விக்கு அது பதிலில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பொங்கல் லீவு முடிந்த முதல் நாள் காலை நானும் பஸ் நிறுத்தம் வரை போனேன். அவள் முன்படியில் ஏறிய பிறகு, பின்ஜன்னலில் இருந்த பெண்களிடம் மெதுவாகக் கேட்டேன். டிசம்பரில் மேடம் ஒருநாள் பர்மிஷன் போட்டாரா?

“மேடமா? பர்மிஷனா?” என்றாள் ஒருத்தி, கண்ணை அகல விரித்து. “மேடம் தண்ணி குடிக்கவே எழுந்து போவ மாட்டாங்க சார்.” உடனே ஜன்னல் முழுக்கச் சிரிப்பு. இன்னொருத்தி, “சிலிக்கா ஜெல் சார், நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்” என்றாள். பஸ் கிளம்பிவிட்டது.

குறிப்பு இன்னும் ஃப்ரிட்ஜ் கதவில்தான் இருக்கிறது. அதன் அடியில் அவள் கையெழுத்தில் புதிதாக ஒரு வரி: “பார்க்கப்பட்டது. பாஸ். ஒரு இதழில் கோடு.” அதன் பக்கத்தில் அவள் தேதி போடவில்லை. வேண்டுமென்றேதான். கேட்டேன். “நீங்களே போட்டுக்குங்க” என்றாள்.

நான் போடவில்லை. கருநீலம் முதல் நாளில் மட்டும்தான் இருக்கும். டிசம்பரில் இரண்டே முதல் நாட்கள், இரண்டிலும் நான் ஊரில் இல்லை. ஆகவே என் மனைவி பகலில் ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து பூவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது டிசம்பர் 11 வியாழக்கிழமையா, டிசம்பர் 22 திங்கட்கிழமையா என்பது இதை எழுதும் வரை உறுதி செய்யப்படவில்லை. இரண்டு நாளும் வந்திருக்கக்கூடும் என்று பாயின் வீட்டம்மா ஒருமுறை சொன்னார். அதுவும் உறுதி செய்யப்படவில்லை.